குறைந்த செலவில் கேமரா: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கையில் 20,000 முதல் 60,000 ரூபாய் வரை வைத்துக்கொண்டு முதல் கேமரா வாங்கப் போகிறவர்களுக்கான பக்கம் இது. கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் பக்கம் எழும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். பனியன் படம் எடுப்பவருக்கும் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கொக்கு எடுப்பவருக்கும் ஒரே கேமரா சரிவராது. அதனால் எந்த மாடல் என்று கேட்பதற்கு முன், எதைப் படம் எடுக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு படியுங்கள்.

போன்லயே படம் நல்லா வருதுங்க. தனியா கேமரா வேணுங்களா?

பகலில் வீட்டாரை எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவதுதான் வேலை என்றால் வேண்டாம். காசை வைத்துக்கொள்ளுங்கள். கேமரா தன் விலைக்கு வேலை செய்வது மூன்று இடங்களில்: வெளிச்சம் குறைந்த இடத்தில் அசையும் ஆட்கள், எட்டாத தூரத்தில் இருக்கும் பறவையும் விலங்கும், இழை தெரிய எடுக்க வேண்டிய துணியும் பொருளும்.

காரணம் சென்சாரின், அதாவது வெளிச்சத்தைப் படமாக மாற்றும் சில்லின், அளவு. நடுத்தர விலைப் போனில் இருக்கும் சென்சார் சுமார் 6.4 × 4.8 மி.மீ. இந்த விலைக் கேமராக்களில் வரும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சார், கேனானில் 22.3 × 14.9 மி.மீ. பரப்பில் இது பத்து மடங்குக்கு மேல். கோயில் நோம்பியில் ராத்திரி வள்ளிகும்மி நடக்கும்போது போனில் எடுத்துப் பாருங்கள். முகம் ஓரளவு தெரியும், தட்டும் கைகள் புகையாக இழுபட்டிருக்கும். வெளிச்சம் போதாததால் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது. அதற்குள் கை நகர்ந்துவிடுகிறது.

40,000 ரூபாய் இருக்கு. எப்படிப் பிரிச்சுச் செலவு பண்றது?

பாடிக்கும் (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) அதோடு சேர்த்தே விற்கும் கிட் லென்ஸுக்கும் சேர்த்து 28,000-க்கு மேல் போக வேண்டாம். மீதியில் உங்கள் வேலைக்கேற்ற இன்னொரு லென்ஸ், நல்ல கார்டு, ஒரு உபரி பேட்டரி. புதுப் பாடியில் மொத்தப் பணத்தையும் போட்டுவிட்டு 18-55 கிட் லென்ஸோடு நின்றுபோவதுதான் பலரும் செய்யும் தவறு.

கணக்கு இதுதான். மி.மீ. கூடக் கூட லென்ஸ் நெருக்கிக் காட்டும்; எஃப் எண் குறையக் குறைய அதன் வாய் அகலமாகத் திறக்கும். கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டினால் அதன் வாய் எஃப்/5.6 வரைதான் திறக்கும். 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு; அது ஏற ஏறப் படத்தில் மணல் மணலாகப் புள்ளி கூடும். மண்டபத்தில் கிட் லென்ஸோடு ஐஎஸ்ஓ 6400 கேட்கும் அதே காட்சிக்கு, ஷட்டர் வேகத்தை (சென்சார்மேல் வெளிச்சம் விழும் நேரத்தை) மாற்றாமல் இந்த லென்ஸில் 640 போதும். பட்டுப்புடவையின் ஜரிகை மணல் தூவியதுபோல் வருவதற்கும், இழை இழையாக வருவதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. எத்தனை புது பாடி வாங்கினாலும் இந்த 10 மடங்கு கிடைக்காது. பாடியின் விலை வருசா வருசம் இறங்கும். லென்ஸ் அவ்வளவு இறங்காது.

சரி, எந்த மாடல்?

பழையதில் தேடுங்கள். இந்தப் பட்ஜெட்டுக்கு எங்கள் முதல் தேர்வு 2017-இல் வந்த கேனான் 200டி, அல்லது 2019-இல் வந்த 200டி மார்க் 2. இரண்டிலும் 24 மெகாபிக்சல், திருப்பிப் பார்க்கும் தொடுதிரை, வெளி மைக் செருகும் துளை, வீடியோவிலும் முகத்தை விடாமல் பிடிக்கும் ஃபோகஸ் எல்லாம் உண்டு. நிக்கான் விருப்பம் என்றால் டி5300 அல்லது டி5600. சிறிதாக, எடை குறைவாக வேண்டும் என்றால் சோனி ஏ6000. 2014-இல் வந்தது என்றாலும் நொடிக்கு 11 படம் எடுக்கும். ஆனால் அதன் பேட்டரி 360 படத்தோடு படுத்துவிடும், மைக் துளையும் கிடையாது. புதிதாகத்தான் வாங்குவேன் என்பவர்கள், பணம் எட்டினால் 2023-இல் வந்த கேனான் ஆர்50-ஐப் பார்க்கலாம்.

கேனான் 3000டி வேண்டாம். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக், திரை சிறியது, மங்கல். 1500டி படத்தரத்தில் குறையில்லை. ஆனால் மைக் துளை இல்லை, திரை திரும்பாது.

நிக்கான் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டி3500, டி5300, டி5600 பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. கடையில் 50 மி.மீ. எஃப்/1.8-இல் ‘டி’ வகை மலிவாகக் கிடைக்கும். வாங்கி மாட்டினால் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருக வேண்டும். இந்தப் பாடிகளுக்கு மோட்டார் உள்ளே வைத்த ‘ஜி’ வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே?

டிஎஸ்எல்ஆர் என்பது உள்ளே கண்ணாடி வைத்த கேமரா, மேலே சொன்ன 200டி, டி5600 போல. ஏ6000, ஆர்50 போன்ற மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது. கேனானும் நிக்கானும் புது மாடல்களை இப்போது மிரர்லெஸ்ஸில்தான் கொண்டுவருகின்றன. உண்மைதான். அதனால்தான் நல்ல டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் குறைந்த விலைக்கு வருகின்றன. கேனான் டிஎஸ்எல்ஆருக்கான பழைய இஎஃப் வகை லென்ஸ்களை ஒரு அடாப்டர் போட்டு நாளை ஆர்50 போன்ற பாடியிலும் மாட்டிக்கொள்ளலாம். போட்ட காசு வீண் போகாது.

24 மெகாபிக்சல் ஆல்பத்துக்குப் போதுமா?

போதும். 24 மெகாபிக்சல் படம் 6000 × 4000 புள்ளி. 12 × 18 அங்குல ஆல்பப் பக்கம் முழுவதும் ஒரே படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற உயர்ந்த தரத்தில் அச்சிட 5400 × 3600 வேண்டும். அதுக்கும் மேலேயே இருக்கிறது.

திருப்பூர்ல பனியன், டி-ஷர்ட் ஆன்லைன்ல போடப் படம் எடுக்கணும். என்ன வாங்கறது?

இங்கே மட்டும் மேலே சொன்ன கணக்கு மாறும். துணி அசையாது, நீங்கள் டிரைபாடில் வைத்து எஃப்/8, ஐஎஸ்ஓ 100-இல் எடுப்பீர்கள். அங்கே கிட் லென்ஸே கூர்மையாக இருக்கும். மிச்சப் பணத்தை விளக்கில் போடுங்கள். பெட்டியில் நிறத்தரக் குறியீடு (சிஆர்ஐ, நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 95 அல்லது மேலே என்று போட்டிருக்கும் இரண்டு எல்இடி விளக்கும், உறுதியான டிரைபாடும் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. சாதாரண டியூப் லைட்டில் மெரூன் ஒரு மாதிரியும் நேவி வேறு மாதிரியும் வரும். நிறம் வேறு என்று துணி திரும்பி வருவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அறையின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். ஆள் தலை முதல் கால் வரை தெரிய 50 மி.மீ. லென்ஸுக்கு 5 மீட்டர், அதாவது 16 அடி பின்னால் போக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது நடக்காது. கிட் லென்ஸை 35 மி.மீ.யில் வைத்தால் 11 அடி போதும்.

வெள்ளைப் பனியன் படத்தில் அழுக்கு வெள்ளையாக வருகிறது என்பது அடிக்கடி வரும் புகார். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். கறுப்பு டி-ஷர்ட்டுக்கு அதே அளவு இறக்குங்கள். செக்கச்செவேல் என்ற சிவப்புக்கும் -0.7 வையுங்கள், இல்லையென்றால் மடிப்பும் தையலும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ஒயிட் பேலன்ஸுக்கு (வெள்ளையை வெள்ளையாகவே காட்டும்படி நிறத்தைச் சரிசெய்ய) ஏ4 தாளைக் காட்டாதீர்கள்; அதில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் நீலத்தைக் கூட்டிக் காட்டும். இதற்கென்றே விற்கும் சாம்பல் அட்டை சில நூறு ரூபாய்தான்.

அடுத்தது வானவில் வரி. நெருக்கமாகப் பின்னிய துணியின் இழையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஏறக்குறைய ஒரே நெருக்கத்தில் விழும்போது, துணியில் இல்லாத வண்ண அலைகள் படத்தில் நெளியும். சென்னிமலைப் போர்வையிலும் கோரா சேலையிலும் கூட இது வரும். நிக்கான் டி3500, டி5300, டி5600 ஆகியவற்றில் இதைத் தடுக்கும் வடிகட்டி சென்சாருக்கு முன்னால் இல்லை. கேனான் 200டி, 1500டி இரண்டிலும் உண்டு. எனவே துணிதான் தொழில் என்றால் கேனான் பக்கம் சாயுங்கள். கையில் நிக்கான் இருந்தால் கேமராவை அரை அடி முன்பின் நகர்த்துங்கள், கோணத்தைக் கொஞ்சம் சாயுங்கள், எஃப்/16 வரை மூடிப் பாருங்கள். திரையில் படத்தை முழுதாகப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் வரி இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும். சுருக்கிக் காட்டும்போது படத்தில் இல்லாத வரியும் திரையில் தெரியும்.

ஸ்டுடியோ ஃபிளாஷ் வைக்க எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கேனான் 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தில் நடுவில் இருக்க வேண்டிய முனை கிடையாது. எல்லாக் கேமராவுக்கும் பொருந்தும் என்று விற்கும் ஒற்றை முனை டிரிக்கர் (தள்ளி இருக்கும் ஃபிளாஷை எரியவைக்கும் கருவி) இவற்றில் வேலை செய்யாது. கேனானுக்கென்றே செய்த டிரிக்கர் வேண்டும். முதல் 200டி-யில் அந்த முனை இருக்கிறது.

வீட்டு விசேசம், காதுகுத்து, சீர் எல்லாம் எடுக்கணும். மண்டபத்துல படம் முழுக்கப் பட்டை பட்டையா வருதே?

அது கேமராவின் கோளாறு அல்ல. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தரமில்லாத எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை அணைந்து எரியும். ஷட்டர் 1/100 அல்லது 1/50 நொடி வையுங்கள், பட்டை பெரும்பாலும் மறையும். 1/250, 1/500 என்று ஏற்றினால் கூடும். மிரர்லெஸ் கேமராவில் ‘சைலன்ட்’ ஷட்டரை அணைத்துவிடுங்கள். மண்டபத்துக்குள் அதுதான் அதிகம் படுத்தும்.

அதிகாலை முகூர்த்தத்தில் மேடை விளக்கு மஞ்சள், பின்னால் எல்இடி திரை நீலம், வாசல் வழியே விடியல் வெளிச்சம் என்று மூன்றும் கலந்து நிற்கும். இங்கே ‘ரா’ கோப்பாக (கேமரா மெருகேற்றாமல் அப்படியே பதியும் கோப்பு) எடுப்பதுதான் வழி, நிறத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஓமப்புகைக்குள் ஃபிளாஷை நேராக அடிக்காதீர்கள். புகைதான் வெளிச்சமாகும், முகம் பின்னால் போய்விடும்.

காசுக்குக் கல்யாணம் எடுக்கப் போகிறேன் என்பவர்களுக்கு: ஒரே கார்டு போடும் ஒரே கேமராவோடு ஒத்துக்கொள்ளாதீர்கள். தாலி கட்டுவதை மறுபடி எடுக்க முடியாது. இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் நிக்கான் டி7200 போன்ற பழைய பாடி வாங்கி, இன்னொன்றை அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள்.

வெள்ளோடு, நஞ்சராயன் குளம், சிங்காநல்லூர்ல பறவை எடுக்க?

கேனானுக்கு 55-250 எஸ்டிஎம் லென்ஸைப் பழையதில் தேடுங்கள். இந்த விலைக்கு இதைவிட நல்லது வராது. ஏபிஎஸ்-சி சென்சாரில் 250 மி.மீ. என்பது, அதைவிடப் பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சாரில் 400 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000-க்குக் கீழே இறங்க வேண்டாம், ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். அதிகாலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கரையில் நில்லுங்கள். வெயில் ஏறிய பிறகு தண்ணீர்மேல் கானல் நெளிய ஆரம்பித்துவிடும். அதன் பிறகு எத்தனை லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தாலும் இறகு கூர்மையாக வராது. இதை லென்ஸின் குறை என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போகிறவர்கள் உண்டு.

நிக்கான் பி900 போல 83 மடங்கு ஜூம் உள்ள கேமரா பறவையை அடையாளம் காண உதவும். ஆனால் அதன் சென்சார் போன் அளவுதான். வால்பாறைக் காட்டு நிழலில் இருவாச்சியை எடுக்கப் போனால் கைவிட்டுவிடும்.

யூடியூப்ல சமையல், தோட்டம் வீடியோ போட?

மைக் துளையும் திரும்பும் திரையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 4கே என்ற எழுத்தைப் பிறகு பார்க்கலாம். படம் சுமாராக இருந்தாலும் ஆட்கள் பார்ப்பார்கள், சத்தம் இரைந்தால் அடுத்த நொடி போய்விடுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோட்டத்தில் எடுப்பவர்கள் மைக்குக்கு முடி வைத்த காற்றுறை போடாமல் வெளியே போக வேண்டாம்.

கேமராவில் வீடியோ முறை என்டிஎஸ்சி என்று இருந்தால் பிஏஎல் என்று மாற்றுங்கள். நொடிக்கு 25 படம், ஷட்டர் 1/50. வீட்டு விளக்கு மினுங்காது. கேனான் டிஎஸ்எல்ஆர்கள் ஒரு தடவைக்கு 29 நிமிடம் 59 நொடி வரைதான் பதியும், பிறகு தானாக நின்றுவிடும். கோடையில் ஈரோடு, கரூர் வெயிலில் காருக்குள் கேமராவை விடாதீர்கள். பெரும்பாலான கேமராக்கள் 40 டிகிரி வரைதான் வேலை செய்யும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும்.

பழைய கேமராவை எப்படிப் பார்த்து வாங்கறது?

பகலில் போங்கள். உங்கள் கார்டு, உங்கள் போன், முடிந்தால் ஒரு லேப்டாப் எடுத்துப் போங்கள். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்க வேண்டாம்.

முதலில் லென்ஸ். கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகக் கண்ணை ஒட்டிப் பாருங்கள். லென்ஸை மெல்ல உருட்டுங்கள். தூசு ஒன்றிரண்டு புள்ளியாக மின்னும், அது பரவாயில்லை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி சிலந்தி இழைபோல் கிளை விட்டு வளர்ந்திருந்தால் பூஞ்சை. விலை பாதியானாலும் வேண்டாம். துடைத்தாலும் கண்ணாடிப் பூச்சை அரித்த தடம் போகாது.

பிறகு சென்சார். எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் குலைத்து, வெறும் வானத்தை எடுங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் தூசு, சுத்தம் செய்யலாம். கோடாகவோ வளைந்த கீறலாகவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டு, ஷட்டரைச் சில நொடி திறந்துவைத்து ஒரு படம்; சென்சாரில் கெட்டுப்போன சிவப்பு, நீலப் புள்ளி எத்தனை தெரிகிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

ஃபோகஸுக்கு ஒரு நாளிதழை மேசையில் விரித்து, சாய்வாக நின்று, லென்ஸை முழுதும் திறந்து, ஒரு தலைப்பு வரியைக் குறிவைத்து மூன்று படம் எடுங்கள். மூன்றிலும் அந்த வரிக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள எழுத்துதான் கூர்மை என்றால் பாடியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. 200டி, டி5600 போன்றவற்றில் இதை நீங்களே சரிசெய்யும் வசதி இல்லை.

ஷட்டர் எண்ணிக்கை (அந்தப் பாடி இதுவரை எடுத்த படங்கள்): இந்த வகைப் பாடிகள் பெரும்பாலும் 1,00,000 படத்துக்குத் தாங்கும்படி செய்யப்பட்டவை. நிக்கானில் எடுத்த ஜேபெக் படத்தின் உள்விவரத்திலேயே எண் இருக்கும், எக்சிஃப்டூல் போன்ற மென்பொருள் காட்டும். இந்தக் கேனான் மாடல்களில் படத்தில் இருக்காது. யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து அதற்கான மென்பொருளில் பார்க்க வேண்டும். இன்னொன்று, வீடியோ ஓடிய மணிக்கணக்கு இந்த எண்ணில் ஏறாது. 15,000 ஷட்டர்தான் என்று காட்டும் பாடி நூறு கல்யாண வீடியோ எடுத்ததாக இருக்கலாம். கைப்பிடி ரப்பர் பிதுங்கியிருக்கிறதா, திரையைத் திருப்பும்போது மினுக்குகிறதா, பட்டன்களின் எழுத்து தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அவை பொய் சொல்லாது.

‘எர்ர் 01’ என்று கேனான் காட்டினால் பயப்பட வேண்டாம். லென்ஸின் பொன்னிற முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள். மறுபடி வந்தால் லென்ஸுக்குள் பழுது.

பில் இல்லாம வாங்கினா குறையும்ங்கறாங்க?

கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதனால் குறையத்தான் செய்யும். ஆனால் புதுக் கேமராவுக்கு பில் இல்லையென்றால் இந்திய வாரண்டி இல்லை. பழையதுக்கும் பில்லின் எண்ணும் கேமராவின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லையென்றால் விற்பவரிடம் கையெழுத்துடன் ஒரு சீட்டு வாங்கி, அதில் அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் மாட்டப்போவது நீங்கள்தான்.

5,000 ரூபாய்க்கு 4கே, 48 மெகாபிக்சல்னு ஆன்லைன்ல வருதே?

வேண்டாம். உள்ளே இருப்பது மலிவு போனின் சென்சார். படத்தை ஊதிப் பெரிதாக்கி 48 என்று எழுதுகிறார்கள்.

என்ன கார்டு?

தெரிந்த நிறுவனத்தின் 64 ஜிபி, மேலே வி30 என்று போட்டது. நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். 200டி மாதிரிப் பாடிகளுக்கு அதற்கு மேல் விலை கொடுப்பது வீண். போலி அதிகம் புழங்குவதால் வாங்கிய அன்றே கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் கார்டு முழுவதையும் எழுதிச் சோதியுங்கள். 64 என்று எழுதிய போலிக் கார்டு 8 ஜிபி வரை ஒழுங்காகப் பதிந்துவிட்டு அதன் பிறகு பழைய படங்களின் மேலேயே எழுதும். விசேசம் முடிந்த பிறகுதான் தெரியும்.

பூஞ்சை, பஞ்சுத் தூசு வராம எப்படி வைக்கறது?

பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் பீரோவுக்குள் தோல் பையோடு வைத்த லென்ஸில் ஒரே பருவத்தில் பூஞ்சை வந்துவிடும். தோல் உறையே ஈரத்தைப் பிடித்துவைக்கும். டிரை கேபினட் வாங்கப் பணமில்லை என்றால் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்), சின்ன ஈரப்பத மானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்க வேண்டும், 60-ஐத் தாண்டவிடாதீர்கள். ஆரஞ்சு மணி வாங்குங்கள், ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல மணியில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருப்பதால் உலர்த்த அடுப்படிப் பாத்திரத்தைத் தொடக் கூடாது.

பஞ்சாலை, பனியன் கம்பெனிக்குள் லென்ஸ் மாற்ற வேண்டாம். வேறு வழியில்லை என்றால் கேமராவை அணைத்து, வாயைத் தரைப் பக்கம் கவிழ்த்து, மாட்டப்போகும் லென்ஸைத் தயாராகக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். சென்சார்மேல் இழை விழுந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் திவலை காய்ந்து கறையாகும். பட்டறையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றையும் அடிக்கக் கூடாது. அதில் எண்ணெய்த் துளியும் தண்ணீரும் கலந்து வரும், ஷட்டரின் மெல்லிய தகடும் நெளிந்துவிடும். ரப்பர் பந்து ஊதி போதும். கேமரா மெனுவில் சென்சார் சுத்தம் என்பதைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடி மேலே தூக்கியதும், பாடியைக் கவிழ்த்துப் பிடித்து நாலைந்து முறை ஊதுங்கள். அதற்கு முன் பேட்டரி முழுதும் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். நடுவில் தீர்ந்தால் கண்ணாடி ஊதியின் மூக்கின்மேல் இறங்கி உடையும்.